பழைய எஞ்சினைப் பிரிப்பதற்கு முன்னால் எனக்கு யாராவது சொல்லியிருக்கலாம்

போன மாதம் கூத்தன்குழியில் இருக்கும் என் சித்தி மகள் போன் போட்டாள். "யக்கா, எஞ்சின் சீஸ் ஆயிட்டு, பிஸ்டன் இறுகிப்போச்சு. மெக்கானிக் 20,000 கேக்காரு. வேலை பாக்கவா, இல்ல புதுசுக்குப் போகவா?" அவளிடம் ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினேன். போனை வைத்த பிறகு எனக்கு அழுகை வந்துவிட்டது. 2023-இல் இதே கேள்வியோடு நான் கடற்கரையில் நின்றபோது, போன் போட்டுக் கேட்க எனக்கு ஆள் இல்லை. நம் ஊர்ப் பெண்கள் எத்தனையோ பேர் இன்று வள்ளத்தின் வரவு செலவைத் தனியாகத்தான் பார்க்கிறார்கள். அவர்களுக்காகவும், புதிதாகத் தொழிலுக்கு வந்திருக்கும் தம்பிகளுக்காகவும் இதை எழுதுகிறேன். தொகைகள் எல்லாம் என் கணக்கு நோட்டில் உள்ளபடி.

எங்கள் ஊர் உவரிக்குப் பக்கத்தில். எங்களுடையது 32 அடி ஃபைபர் வள்ளம். அதன் பின்னால் மாட்டுகிற 9.9 எச்.பி. எஞ்சின் இரண்டு, இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே மாடல், எரிபொருளோடு ஆயிலும் கலந்து ஊற்றுகிற டூ ஸ்ட்ரோக். பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டுகிற வகை. ஒன்று 2014-இல் வாங்கியது, மற்றது 2016-இல். வீட்டில் அவற்றை மூத்தது, இளையது என்றுதான் சொல்வோம். மூத்தது தினமும் ஓடும். இளையது கைகாவலுக்கு. எங்கள் கரையில் துறைமுகம் கிடையாது. மணலில் இருந்து அலைக்குள் தள்ளிவிட்டுத்தான் போக வேண்டும், திரும்பும்போதும் அலை வழியாகத்தான் ஏற வேண்டும். அந்த இடத்தில் எஞ்சின் நின்றால் வள்ளம் குறுக்கே திரும்பி அலை புரட்டிவிடும். ஆகவே இரண்டாவது எஞ்சின் எங்களுக்கு உயிர்க் காவல்.

2023 ஜனவரியில் என் வீட்டுக்காரருக்கு முதுகுத்தண்டில் ஆபரேஷன் ஆனது. பாரம் தூக்கக் கூடாது, ஒரு வருஷம் கடலுக்குப் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். வள்ளத்தை என் கொழுந்தன் இன்னும் மூன்று பேரோடு கொண்டுபோனார். மற்ற பொறுப்பெல்லாம் என் தலையில் விழுந்தது. நான் பி.காம். படித்தவள், சுய உதவிக் குழுவுக்குக் கணக்கு எழுதுகிறவள். எத்தனை லிட்டர் மண்ணெண்ணெய், எத்தனை கிலோ ஐஸ், யாருக்கு எவ்வளவு பங்கு என்பதெல்லாம் விரல் நுனியில் இருந்தது. எஞ்சினுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்பது மட்டும் தெரியாது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் எங்கள் பக்கம் மீன்பிடித் தடைக்காலம். அது விசைப்படகுகளுக்குத்தான், நாட்டுப்படகுகள் போகலாம். விசைப்படகு மீன் வராததால் கரையில் ஏலம் நன்றாக ஏறும். வருஷத்தில் நாங்கள் நாலு காசு பார்க்கிற நாட்கள் அவை. அந்த நேரத்தில்தான், ஏப்ரல் 17-ஆம் தேதி, மூத்தது நடுக்கடலில் நின்றுவிட்டது. காலை ஒன்பது மணிக்குள் கரை சேர வேண்டிய வள்ளம் பன்னிரண்டு ஆகியும் வரவில்லை. போனில் சிக்னல் இல்லை. கப்பல் மாதாவை வேண்டிக்கொண்டு வெயிலில் நின்றேன். வீட்டில் படுத்திருக்கிற மனுஷனிடம் என்ன சொல்வது என்பது ஒரு பயம், கொழுந்தன் பிள்ளைகளின் முகம் இன்னொரு பயம். மூன்று மணிக்கு இளையதை வைத்து முக்கி முனகி வந்து சேர்ந்தார்கள். மீன் எல்லாம் குழைந்துபோய் கருவாட்டு விலைக்குத்தான் போனது. கரையேறியதும் கொழுந்தன் சொன்ன முதல் வார்த்தை, "மைனி, இளையதும் இழுக்க மாட்டேங்கு."

அன்று சாயங்காலமே ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். மாமனார், "அந்தக் காலத்துல ஒரு எஞ்சினை இருவது வருசம் ஓட்டுனோம், பிரிச்சு வேலை பாரு" என்றார். கொழுந்தன் இரண்டையும் தள்ளிவிட்டு இரண்டு புதுசு வாங்கச் சொன்னார். இவரிடம் கேட்டேன். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு, "நீயே பாத்துக்கோ" என்றார். என் மேல் கோபம் என்று அன்று நினைத்தேன். மறுநாள் சொந்தக்காரர் ஒருவர் பக்கத்து ஊரில் இருந்து ஒரு மெக்கானிக்கைக் கூட்டி வந்தார். அவர் கயிற்றை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார், பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். "பிளாக் நல்லாருக்கு. போர் போட்டு, பிஸ்டன் ரிங் மாத்துனா புதுசு மாதிரி ஓடும். 18,000 ஆவும்" என்றார். பிளாக் என்றால் சிலிண்டர் இருக்கிற எஞ்சின் உடம்பு. போர் போடுவது என்றால் தேய்ந்த சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து பெரிதாக்குவது. புது எஞ்சின் 1,72,000. 18,000 எங்கே, 1,72,000 எங்கே? யாராக இருந்தாலும் அந்த நேரத்தில் 18,000-க்குத்தான் தலையாட்டியிருப்பார்கள். நானும் ஆட்டினேன்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். எஞ்சினைப் பிரிக்காமல் சொல்கிற தொகைக்கு அர்த்தமே கிடையாது. பிரித்த பிறகு ஒவ்வொன்றாக வந்தது: ஆயில் சீல் போய்விட்டது, கார்புரேட்டர் கிட் வேண்டும், ஹெட் போல்ட் துருப்பிடித்து ஒடிந்துவிட்டது, அதை எடுக்க லேத் கூலி. ஒவ்வொரு தடவையும் 2,000, 3,000 என்று போன் வரும். எஞ்சின் அக்கக்காகப் பிரிந்து கிடக்கும்போது வேண்டாம் என்று சொல்ல எப்படி வாய் வரும்? கடைசியில் 31,400 ஆனது. 22 நாள் ஆனது. பாகங்கள் தூத்துக்குடியில் இருந்து வரவேண்டும் என்பதிலேயே பாதி நாள் போயிற்று. அவர் ஏமாற்றினார் என்று நான் சொல்லவில்லை. நான் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை. இன்றைக்கு என்றால் மூன்று விஷயம் கேட்காமல் எஞ்சினைக் கொடுக்க மாட்டேன். பிரித்துப் பார்க்க மட்டும் என்ன கூலி, பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் அந்தக் கூலியோடு திருப்பித் தருவீர்களா என்பது ஒன்று. இந்தத் தொகைக்கு மேல் போனால் என்னைக் கேட்காமல் கை வைக்கக் கூடாது என்று ஒரு தொகையைத் தாளில் எழுதி வாங்குவது இரண்டாவது. கழற்றுகிற பழைய சாமான் அத்தனையும் ஒரு சாக்கில் போட்டு எனக்கு வர வேண்டும் என்பது மூன்றாவது. பழைய சாமான் சாக்கு மட்டும் அன்றும் என் கைக்கு வந்திருந்தது. அதுதான் பின்னால் என்னைக் காப்பாற்றியது.

வேலை பார்த்து வந்த மூத்தது மூன்று வாரம் ஓடியது. முதல் இரண்டு நாள் சத்தமே பட்டுப்போல இருந்தது. இவர் கட்டிலில் இருந்தபடியே காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "இப்பவே முழு வேகம் குடுக்காதீய, பத்து மணி நேரமாவது பதமா ஓட்டணும், ஆயிலும் கொஞ்சம் கூட்டிக் கலக்கணும்" என்று தம்பியிடம் சொல்லி அனுப்பினார். புது பிஸ்டனும் ரிங்கும் சிலிண்டரோடு ஒட்டி உறவாகிற வரைக்கும் அந்தப் பக்குவம் வேண்டும். ஆனால் தடைக்கால விலை. ஏலத்துக்கு முந்தி வந்தவனுக்குத்தான் லாபம். இரண்டாம் நாளே முழு வேகத்தில் முறுக்கிவிட்டார்கள். நானும் தடுக்கவில்லை, கடன் கண்ணை மறைத்தது. மே கடைசியில் உள்ளே கடகடவென்று சத்தம் வந்து மறுபடி இறுகிவிட்டது.

அப்போது நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. "இப்பதான 31,000 போட்டிருக்கு, அதை விட்டுர முடியுமா?" என்று என் மனசே எனக்கு வக்கீலாக வந்தது. போட்ட காசைக் காப்பாற்ற இன்னும் காசு போட்டேன். மறுபடி அதே மெக்கானிக், மறுபடி போர், இந்தத் தடவை 0.50 மி.மீ. பெரிய பிஸ்டன், கிராங்க் பேரிங், கனெக்டிங் ராடு. 27,600. 17 நாள். அந்த நாட்களில் இளையதை மட்டும் நம்பிக் கரையோரமாகப் போனார்கள். பத்துப் பாகம் (ஒரு பாகம் ஆறடி) ஆழத்துக்கு மேல் ஒற்றை எஞ்சினோடு வரமாட்டோம் என்று ஆட்கள் சொன்னதில் தப்பே இல்லை. அதில் இரண்டு பேர் வேறு வள்ளத்துக்குப் போய்விட்டார்கள். அவர்களுக்குக் கொடுத்திருந்த முன்பணத்தை இன்னும் முழுதாக வாங்கி முடிக்கவில்லை. சரியாகி வந்த மூத்தது ஓடியது எட்டே நாள். ஒன்பதாம் நாள் விடியற்காலை கயிற்றை இழுத்தால் அசையவில்லை. பிளக்கைக் கழற்றினால் உள்ளே தண்ணீர். நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்பு.

அன்று ராத்திரி தூக்கமே இல்லை. தாலிக்கொடியை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தேன். யாரிடமாவது சொல்லி அழலாம் என்றால், மாமனாரிடம் சொன்னால் மெக்கானிக்கோடு சண்டைக்குப் போவார், இவரிடம் சொன்னால் எழுந்து எஞ்சினைத் தூக்கப் பார்ப்பார். விடிந்ததும் லோடு ஆட்டோவில் இரண்டு எஞ்சினையும், பழைய சாமான் சாக்கையும் ஏற்றிக்கொண்டு தூத்துக்குடிக்குப் போனேன். என் அப்பாவுக்குத் தெரிந்த வயசான மெக்கானிக் ஒருவர் அங்கே இருந்தார். பட்டறை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. தகரக் கொட்டகை, ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு மேஜை.

அண்ணாச்சி எஞ்சினைத் தொடவே இல்லை. முதலில் சாக்கைக் கொட்டச் சொன்னார். பழைய கிராங்க் பேரிங்கை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "தாயி, இது தேஞ்சு போன பேரிங் இல்ல. துருப்புடிச்ச பேரிங். எண்ணெயில ஊறிக்கிடக்கிற பேரிங் ஏன் துருப்புடிக்கணும்?" என்று என்னையே கேட்டார். பிறகு ஹெட்டைக் கழற்றி, தண்ணீர் போகிற வழிகளை எல்லாம் அடைத்து, காற்று கொடுத்து, சிலிண்டருக்குள் சோப்புத் தண்ணீர் பூசினார். புகைபோக்குப் பக்கத்துச் சுவரில் சின்னச் சின்னதாக நுரை கிளம்பியது. மூன்று இடம். அலுமினிய பிளாக்கை உப்பு அரித்து ஊசி ஓட்டை விழுந்திருந்தது. எஞ்சின் சூட்டைத் தணிக்க உள்ளே ஓடுகிற கடல் தண்ணீர் அந்த ஓட்டை வழியாக சிலிண்டருக்குள் கசிந்திருக்கிறது. ராத்திரி சும்மா நிற்கும்போது இறங்கி, பேரிங்கைத் துருவேற்றியிருக்கிறது. அது போக, தண்ணீர் ஓடும் பாதை பாதிக்கு மேல் உப்புக் கட்டி அடைத்துக் கிடந்தது. ஏப்ரலில் முதல் தடவை சூடேறி இறுகியதற்குக் காரணமே அதுதான். அதைச் சுத்தம் செய்யாமல் புது பிஸ்டன் போட்டால் அதுவும் இறுகத்தான் செய்யும். "வெல்டிங் வச்சு அடைக்கலாமா அண்ணாச்சி?" என்று கேட்டேன். "அந்தச் சூட்டுல போர் கோணிரும் தாயி. இன்னிக்கு இங்க அடைச்சா நாளைக்கு அங்க ஓட்டை விழும். இதுக்கு மேல ஒரு ரூவா போடாத" என்றார். இந்தச் சோதனைக்கு அவர் வாங்கிய கூலி 500 ரூபாய். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. 59,000 செலவழித்த பிறகு 500 ரூபாயில் தெரிந்துகொண்டேன்.

"ஓட்டி முடிச்சதும் நல்ல தண்ணியில கழுவுவீகளா?" என்று கேட்டார். அதற்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. சொல்ல முடியவில்லை. முன்பெல்லாம் இவர் கரைக்கு வந்ததும் ஒவ்வொரு எஞ்சினாகத் தோளில் தூக்கிக்கொண்டு மணலில் நடந்து வீட்டுக்கு வருவார். ஒன்று 40 கிலோவுக்குப் பக்கத்தில் இருக்கும். முற்றத்தில் ஒரு டிரம் நிறைய நல்ல தண்ணீர் ஊற்றி, எஞ்சினை அதில் நிறுத்தி ஐந்து நிமிஷம் ஓட்டுவார். எங்கள் ஊரில் குழாயில் தண்ணீர் நாலு நாளைக்கு ஒரு தடவைதான் வரும். "குடிக்கவே தண்ணி இல்ல, எஞ்சினைக் குளிப்பாட்டணுமா?" என்று நான் சத்தம் போட்டிருக்கிறேன், ஒரு நாள் இல்லை, பல நாள். 2020 வாக்கில் அவர் மூத்ததைக் கொண்டுவருவதை நிறுத்திவிட்டார். வள்ளத்திலேயே தூக்கிக் கட்டி, தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு வருவார். இளையதை மட்டும் எப்போதாவது ஓடினால் கொண்டுவந்து கழுவுவார். என் சத்தத்துக்குப் பயந்து நிறுத்திவிட்டார் என்று நினைத்திருந்தேன். தூத்துக்குடியில் அந்தத் தகரக் கொட்டகையில் நின்றபோதுதான் உறைத்தது, அவருக்கு அப்போதே முதுகு விட்டுப்போயிருக்கிறது. தூக்க முடியவில்லை. சொல்லவும் இல்லை. மூன்று வருஷம் உப்பு உள்ளேயே காய்ந்து காய்ந்து பிளாக்கைத் தின்றிருக்கிறது. ஏப்ரலில் அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தது ஏன் என்றும் அப்போது புரிந்தது.

இரண்டே வயசு குறைந்த இளையதின் கதை வேறு. அதிலும் பிரிப்பதற்கு முன்னால், சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு என்று காட்டுகிற கம்ப்ரெஷன் மீட்டரைத்தான் வைத்தார். பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டையில் மீட்டரை மாட்டி, ஆக்சிலேட்டரை முழுக்கத் திறந்து, கயிற்றை நாலைந்து தடவை வேகமாக இழுக்க வேண்டும். ஒரு சிலிண்டரில் 92, மற்றதில் 68. இரண்டுக்கும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஏதோ கோளாறு என்று அர்த்தம். 68 காட்டியதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி இழுத்தார். 80-க்கு மேல் ஏறியது. ஆயில் விட்டதும் ஏறினால் ரிங்கிலோ சிலிண்டரிலோ கசிவு, ஏறாவிட்டால் ஹெட் கேஸ்கட் மாதிரி வேறு இடத்தில் பார்க்க வேண்டும் என்று விளக்கினார். பிறகு இதற்கும் சோப்புத் தண்ணீர்ச் சோதனை. ஒரு நுரைகூடக் கிளம்பவில்லை. பிரித்தால், மண்ணெண்ணெய்க் கரி பிடித்து ஒரு ரிங் பள்ளத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. போர் தேய்மானம் அளவுக்குள் இருந்ததால் பெரிதாக்கவே இல்லை, உட்சுவரை லேசாகத் தேய்த்துவிடுகிற ஹோனிங் மட்டும். ரிங் செட், ஆயில் சீல்கள், வாட்டர் பம்ப் இம்பெல்லர் (தண்ணீரை இழுத்து அனுப்புகிற ரப்பர்ச் சக்கரம்), கார்புரேட்டர் கிட், கியர் பெட்டி சீல் எல்லாம் சேர்த்து 14,850. எழுதிக் கொடுத்தது 15,000, வாங்கியது அதற்குள்.

என் புத்திக்கு எட்டிய வித்தியாசம் இதுதான். தேய்ந்துபோன எஞ்சினுக்கு வேலை பார்க்கலாம். ரிங், பிஸ்டன், பேரிங், சீல் எல்லாமே மாற்றுவதற்கென்று செய்த சாமான்கள். உப்பு அரித்த எஞ்சினுக்கு வேலை பார்க்கக் கூடாது. பிளாக்கே போன பிறகு மற்றதை மாற்றி என்ன புண்ணியம்? வருஷத்தை மட்டும் வைத்து இதைத் தீர்மானிக்கவே முடியாது. பத்து வருஷ எஞ்சின் நன்றாக இருக்கலாம், ஐந்து வருஷ எஞ்சின் உள்ளே சல்லடையாக இருக்கலாம். ஆகவே போர் போடுவதற்கு முன்னால் அந்தச் சோப்புத் தண்ணீர்க் காற்றுச் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். செய்ய மாட்டேன் என்கிறவரிடம் எஞ்சினைக் கொடுக்காதீர்கள். செலவு புது எஞ்சின் விலையில் பாதியைத் தாண்டினால் புதுசு வாங்கு என்று கரையில் ஒரு பேச்சு உண்டு. அது தப்பில்லை, ஆனால் அதில் பட்டறைக் கூலி மட்டும்தான் கணக்கு. சும்மா கிடந்த நாட்களை யாரும் சேர்ப்பதில்லை. நான் சேர்த்தேன். ஏப்ரல் 18-இல் இருந்து ஜூலை முதல் வாரம் வரை மூத்தது இல்லாமல் மொத்தம் 50 நாள். அதில் ஞாயிற்றுக்கிழமையும், மேற்கே இருந்து அடிக்கிற கச்சான் காற்று பலமாகி ஊரில் யாருமே போகாத நாளும் கழித்தால் 38. பத்து நாள் இளையதை வைத்துக் கரையோரம் போனது செலவுக்குச் சரியாகிவிட்டது. மிச்சம் 28 நாள் வள்ளம் மணலில் கிடந்தது. வள்ளத்துக்கும் எஞ்சினுக்கும் சேரும் பங்கு அந்த மாதங்களில் சராசரி நாளுக்கு 1,900. ஆக 53,200. மெக்கானிக்குக் கொடுத்தது 59,000. வண்டி வாடகை, அலைச்சல் 4,300. மொத்தம் 1,16,500 ரூபாய், ஓடாத ஒரு எஞ்சினுக்கு.

புதுசு வாங்குவது என்று முடிவான பிறகும் குழப்பம் தீரவில்லை. பழைய எஞ்சின் 70,000-க்கு ஒன்று இருப்பதாகச் சொன்னார்கள். மீட்டரோடு போனேன், பிளக்கைக் கழற்ற விடமாட்டேன் என்றார்கள், திரும்பி வந்துவிட்டேன். ஃபோர் ஸ்ட்ரோக் பெட்ரோல் எஞ்சின் எரிபொருள் குறைவாகக் குடிக்கும், ஆயில் கலக்க வேண்டாம். ஆனால் எடை கூட, பழுது பார்க்க எங்கள் கரையில் அன்று ஆளும் இல்லை. நீளத் தண்டின் நுனியில் விசிறி உள்ள டீசல் லாங் டெயில் எஞ்சின் ஆழமில்லாத தண்ணீரில் நன்றாகப் போகும், எரிபொருள் செலவும் குறைவு. ரிவர்ஸ் கிடையாது, அதிர்வு அதிகம், வேகம் குறைவு. இவர் முதுகை நினைத்து அந்த அதிர்வு வேண்டவே வேண்டாம் என்றேன். கடைசியில் பழைய மாடலையே வாங்கினோம். செத்துப்போன மூத்ததின் கியர் பெட்டி, மேக்னட், காயில் எல்லாம் மற்ற இரண்டுக்கும் ஸ்பேராக ஆகும் என்பது அண்ணாச்சியின் யோசனை. செத்த எஞ்சினை அப்படியே காயலான் கடைக்குப் போடாதீர்கள். பிளாக் தவிர மற்றதெல்லாம் காசு.

இங்கே நான் செய்த இன்னொரு பெரிய தப்பு. நாட்டுப்படகுக்கு எஞ்சின் வாங்க அரசு 40 சதவீத மானியம் தருகிற திட்டம் உண்டு, உச்சவரம்போடு. அதற்கு முதலில் மீன்வளத் துறையில் விண்ணப்பம் கொடுத்து, ஆணை கிடைத்த பிறகுதான் வாங்க வேண்டும். நான் அவசரத்தில் வாங்கிவிட்டு பில்லைக் கொண்டுபோனேன். முன்னால் வாங்கியதற்குக் கொடுக்க வழியில்லை என்று சொல்லிவிட்டார்கள். எஞ்சின் ஐந்தாறு வருஷம் ஆகும்போதே, அது நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே, விண்ணப்பத்தைப் போட்டு வைத்துவிடுங்கள். புது எஞ்சின் மாட்டியதும் அதன் நம்பரைப் படகுப் பதிவில் ஏற்றவும் மறக்காதீர்கள். மானிய மண்ணெண்ணெய் வாங்கும்போது அந்தத் தாள் சரியாக இருக்க வேண்டும்.

பணத்துக்கு நகையைத்தான் கூட்டுறவு வங்கியில் வைத்தேன். மீன் வியாபாரி ஒருவர் வட்டியில்லாமல் ஒரு லட்சம் தருகிறேன் என்றார். வட்டி இல்லைதான், ஆனால் அந்தக் கடன் தீருகிற வரைக்கும் மீனை அவருக்கே, அவர் சொல்கிற விலைக்கே போட வேண்டும். என் அம்மா அப்படி ஒரு கடனில் பதினோரு வருஷம் கிடந்தாள். நகைக்கு வட்டி கண்ணுக்குத் தெரிகிறது, மாதம் இவ்வளவு என்று எழுதிவிடலாம். அந்த வியாபாரிக் கடனின் வட்டி எந்த நோட்டிலும் ஏறாது.

ஜூலை 8-ஆம் தேதி புது எஞ்சின் மாட்டினோம். கொழுந்தன் சொன்ன மாதிரி இரண்டையும் ஒன்றாக வாங்காதது நல்லதாகப் போயிற்று. ஒன்றாக வாங்கினால் ஒன்றாகத்தான் வயசாகும். இப்போது ஒன்று புதுசு, ஒன்று வேலை பார்த்த பழசு. நாலைந்து வருஷம் கழித்து ஒன்றுக்கு மட்டும் காசு புரட்டினால் போதும். முதல் பத்து மணி நேரம் பதமாக ஓட்டவில்லை என்றால் வள்ளத்தை எடுக்கவே விடமாட்டேன் என்று கரையில் நின்று சொன்னேன். நம் கரையில் அலைக்குள் தள்ளும்போது மணல் கலங்கி வாட்டர் பம்புக்குள் போகும், ரப்பர் இம்பெல்லரை அது தின்றுவிடும். ஆகவே வருஷத்துக்கு ஒரு தடவை, தடைக்காலம் தொடங்கும் முன், இம்பெல்லரை மாற்றிவிடுகிறேன், நன்றாக இருந்தாலும். எஞ்சின் பின்னால் தண்ணீர் துப்புவது மெலிந்தால் உடனே நிறுத்திப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். கியர் ஆயில் மாற்றும்போது பால் காப்பி நிறத்தில் வந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது, சீல் மாற்ற வேண்டும். கரை சேருவதற்கு முன் மண்ணெண்ணெயை அடைத்து, பெட்ரோலில் கொஞ்ச நேரம் ஓட்டித்தான் நிறுத்த வேண்டும்.

எஞ்சினைத் தூக்குவதற்குச் சைக்கிள் டயர் போட்ட ஒரு தள்ளுவண்டி செய்யச் சொன்னேன், 4,200 ஆனது. அதைப் பத்து வருஷத்துக்கு முன்னால் செய்திருந்தால் என்ன என்று நினைக்காத நாள் இல்லை. இப்போது கொழுந்தன் வண்டியில் தள்ளிக்கொண்டு வந்து விடுகிறார். இவர் முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து டிரம்மில் கழுவுகிறார். தண்ணீர் வராத நாளில் ஒரு குடம் 12 ரூபாய் கொடுத்து வாங்கி ஊற்றுகிறேன். 500 ரூபாய் சோதனையைத் தவறவிட்ட சூட்டில், கம்ப்ரெஷன் மீட்டர் ஒன்றை 1,350-க்கு நானே வாங்கிவிட்டேன். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை நானே மாட்டிப் பார்க்கிறேன், கயிற்றைக் கொழுந்தன் இழுப்பார். சித்தி மகளுக்கு அதைத்தான் பஸ்ஸில் கொடுத்துவிட்டேன், அளந்துவிட்டுத் திருப்பித் தா என்று. நேற்றுத்தான் வந்து சேர்ந்தது. சாயங்காலம் இளையதை அளந்தோம். ஒன்றில் 90, மற்றதில் 89. தேதி போட்டு நோட்டில் எழுதிக்கொண்டேன்.